பலிபீடத்திலிருந்து எடுத்து வந்த பத்திரிகை

சாமு கண்ணு,

அம்மா எழுதுறேன். நாங்க நல்லா இருக்குறோம், நீ நல்லா இருக்குறியான்னு கேட்டுத்தான் லெட்டரை ஆரம்பிக்கணும். உடம்புக்கு ஒண்ணும் இல்ல, உங்க அப்பாவுக்கும் முட்டி வலி இப்ப தேவலாம். மத்தபடி நல்லா இருக்குறேன்னு எழுத கை வரல, அதனால அதை விட்டுட்டு மேல எழுதுறேன். போன்ல பேசலாமே, எதுக்கு லெட்டர்னு கேப்ப. போன் பண்ணா "அம்மா, மீட்டிங்ல இருக்குறேன்"ன்ற. எந்நேரமும் மீட்டிங் நடத்துறதுக்கு அது என்ன ஆபீஸோ தெரியல. வாய்ஸ் மெசேஜ் அனுப்புனா அதை வேகமா ஓட விட்டுக் கேக்குற, அம்மா கிளி மாதிரி கத்துறேன்னு சிரிக்கிற. பேப்பரை அப்படி ஓட விட முடியாது இல்ல? அதான். ஒரு இடத்துல உக்காந்து, டீ குடிச்சுக்கினு, கடைசி வரைக்கும் படி. பாதியில மடிச்சு வெச்சியோ, உன் காதைத் திருக நான் மெட்ராஸுக்கு பஸ் ஏறிடுவேன்.

போன ஞாயித்துக்கிழமை உன் கல்யாணத்துக்கு முதல் ஓலை வாசிச்சாங்க. நீ லீவு கிடைக்கலன்னு வரல. ஆயர் எழுந்து நின்னு உன் பேரையும் ஷீபா பேரையும் சொல்லி, இவங்க ரெண்டு பேரும் கல்யாணம் பண்ணிக்கிறதுக்குத் தடை ஏதாவது இருக்குதுன்னு யாருக்காவது தெரிஞ்சா இப்பவே சொல்லலாம்னு கேட்டாரு. எத்தனை பேர் கல்யாணத்துக்கு இதைக் கேட்டிருப்பேன்! அந்த நேரத்துல வழக்கமா நான் யார் என்ன புடவை கட்டிக்கினு வந்திருக்காங்கன்னு பாத்துக்கினு இருப்பேன். இந்தத் தடவை அப்படி இல்ல, சாமு. எங்க எழுந்து நின்னுடுவேனோன்னு பயந்து முன்னாடி பெஞ்சை இறுக்கிப் பிடிச்சுக்கினேன். பக்கத்துல இருந்தவங்க "என்னம்மா, சந்தோஷத்துல கண்ணு கலங்குதா?"ன்னு கேட்டாங்க. ஆமான்னு தலையை ஆட்டினேன். ஆராதனை முடிஞ்சதும் உங்க அப்பா முதல் பத்திரிகையை எடுத்துக்கினு போய் பலிபீடத்து மேல வெச்சாரு. இந்த ஊர்ல எல்லாரும் முதல் பத்திரிகையை அவங்கவங்க சாமிக்கு வெக்கிறாங்க, நாம ஆண்டவருக்கு வெக்கிறோம். ஆயர் அது மேல கையை வெச்சு அழகா ஜெபம் பண்ணாரு. நான் ஆமென் சொல்லப் பாத்தேன். வாய்தான் அசைஞ்சுது.

ஏன்னு சொல்றேன். அதுக்கு முந்தின வாரம் ஷீபா எனக்கு போன் பண்ணா. தங்கமான பொண்ணுடா அது. மாத்திரை போட்டாச்சான்னு என்னைக் கேக்குறதுக்கு உனக்கு முன்னாடி அவளுக்கு ஞாபகம் வருது. எடுத்ததும், "அத்தை, கல்யாணப் புடவை கடையில எடுக்க வேணாம். சாமோட பழைய வீடியோ ஒண்ணு எங்க சித்தி போன்ல இருந்துது. அதுல ஒரு அங்கிள் தறியில உக்காந்து மீசையைத் தடவிக்கினே நெய்வாரே, அவர் தறியில ஏற்கெனவே ஓடிக்கினு இருக்குற புடவை ஏதாவது இருந்தா அதையே வாங்கிக்கலாமா?"ன்னா. எனக்குத் தூக்கிவாரிப் போட்டுது. நான் பேசுறதுக்குள்ள அவளே சொன்னா: "சாம்கிட்ட கேட்டேன் அத்தை. அவர் ஃப்ராடு, என்னையே ஏமாத்திட்டாருன்னு சொன்னாரு. ஆனா அந்த முகத்தைப் பாத்தா அப்படித் தெரியல. நீங்க அடுத்த தெருதானே, உங்களுக்கு அவரைத் தெரியுமா?"

அடுப்புல பால் பொங்குதுன்னு சொல்லி போனை வெச்சுட்டேன். அடுப்புல பாலும் இல்ல, தண்ணியும் இல்ல. அடுப்பே பத்த வெக்கல. உன் பொய்யைக் காப்பாத்த நான் ஒரு பொய். ஷீபா அதை நம்பி, "பாத்து அத்தை, கையைச் சுட்டுக்காதீங்க"ன்னு வேற சொன்னா பாரு, அங்கதான் எனக்கு உள்ள ஏதோ அறுந்துபோச்சு. இத்தனை நாள் இது ஊர் விவகாரம், பழைய விவகாரம், மெதுவா மறந்துபோகும்னு நெனச்சுக்கினு இருந்தேன். அது மறக்கலடா. அது உன் கல்யாணத்துக்கு நமக்கு முன்னாடி வந்து உக்காந்துக்கினு இருக்குது.

நடந்ததை நான் ஒரு தடவை வரிசையா எழுதுறேன், கோவிச்சுக்காத. நீ உனக்குள்ள சொல்லிச் சொல்லி வெச்சிருக்குற கதை வேற. நீ படிப்பு முடிச்சு வேலை இல்லாம வீட்டுல சுத்திக்கினு இருந்தப்ப, அடுத்த தெரு ஏகாம்பரம் அண்ணன் வீட்டுத் தறி முன்னாடி நின்னு வீடியோ எடுத்து ஆன்லைன்ல புடவை விக்கிற பேஜ் ஒண்ணு ஆரம்பிச்ச. "எங்க மாமா கையால நெய்ததுங்க"ன்னு நீ சொல்ல, அவர் வெக்கத்தோட மீசையைத் தடவிக்குவாரு. கௌரி அண்ணி பின்னாடி நின்னு வாயைப் பொத்திக்கினு சிரிப்பாங்க. நல்லாத்தான் போச்சு. நானும் சபையில பெருமை அடிச்சுக்கினேன். அப்புறம் ஆர்டர் கூடிப்போச்சு. கோர்வைப் புடவைன்னா நூலை ஓட்டுற நாடா உடம்புக்கு ஒண்ணு, கரைக்கு ஒண்ணுன்னு ரெண்டையும் கோத்துக் கோத்து நெய்யணும், நீ அவசரப்படுத்துனா அது வருமா? நீ என்ன செஞ்ச, எங்கேயோ போய் பவர்லூம் புடவையை வாங்கிக்கினு வந்து, அண்ணன் முகத்தைக் காட்டி, அவர் நெய்ததுன்னு சொல்லி அனுப்பிச்ச. அவருக்கு அது தெரியவே தெரியாது.

அதுல எனக்கும் பங்கு இருக்குது, நான் ஒண்ணும் யோக்கியம் இல்ல. முந்தியில குஞ்சம் கட்டுறதுதான் என் வேலை, அந்தப் புடவைங்களும் என் கைக்குத்தான் வந்துது. தொட்ட உடனே தெரிஞ்சுது இது அண்ணன் நெய்தது இல்லன்னு. வேற யார்கிட்டயோ வாங்கி வேற பேர்ல விக்கிறான் போலன்னு எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கினு முடிச்சு போட்டேன். உன்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். சம்பாதிக்கிற புள்ளையைக் கேள்வி கேட்டா முகம் வாடிடுமேன்னு விட்டுட்டேன்.

சேலத்துல ஒரு அம்மா பொண்ணு கல்யாணத்துக்கு அந்தப் புடவையை வாங்கினாங்க. ஜாக்கெட் தைக்கக் குடுத்த இடத்துல டெய்லர் புடவையைப் பின்பக்கம் திருப்பிப் பாத்துட்டு, இது பவர்லூம், கைத்தறி இல்லம்மான்னு சொல்லிட்டாரு. அந்தம்மா அழுதுக்கினே ஒரு வீடியோ போட்டாங்க. அதுல உன் முகம் இல்ல, நீ காட்டுன அண்ணன் முகம்தான் இருந்துது. அதோட நிறுத்தியிருந்தா கூட, ஆசைப்பட்டுப் பொய் சொன்னவன்னு ஊர் ரெண்டு நாள் பேசியிருக்கும். நீ மறுநாள் ஒரு வீடியோ போட்ட பாரு. கண்ணுல தண்ணி வேற! "நானும் உங்களை மாதிரிதாங்க ஏமாந்துட்டேன், அந்த நெசவாளர் என்னையும் ஏமாத்திட்டாரு"ன்னு. அந்த நெசவாளர்! பேச்சு வந்த நாள்லேருந்து மாமா மாமான்னு அவர் தோள்ல தொங்குனவன் நீ. எனக்குக் காய்ச்சல்னா ஓடிப்போய் அந்த வீட்டுலதான் சோறு தின்ன. அன்னைக்கு அவர் உனக்கு அந்த நெசவாளர் ஆயிட்டாரு. பவர்லூம் புடவையை வித்தது கூட எனக்குப் பெருசா தெரியல சாமு. அந்த ஒரு வார்த்தைதான் இன்னும் தொண்டையில நிக்குது.

நீ பேஜை அழிச்சுட்டு மெட்ராஸ்ல வேலைக்குப் போயிட்ட. நான் அந்தத் தெரு வழியா போறதையே விட்டுட்டேன். மார்க்கெட்டுக்குச் சுத்திக்கினு போறேன், யாராவது கேட்டா நடந்தா சுகருக்கு நல்லதுன்றேன். நம்ம சபையில மானக்கேடான காரியம்னா என்னன்னு சொல்லு? குடிச்சுட்டுத் தெருவுல விழுறது, பொண்ணுங்க விவகாரம், ராத்திரி பகலா போன்ல அசிங்கம் பாக்குறது. ஆயரும் அதைத்தான் மேஜையைத் தட்டித் தட்டிப் பேசுவாரு. பேசட்டும், தேவைதான். ஆனா தன் தப்பைத் தூக்கி இன்னொருத்தன் தலையில வெக்கிறது மானக்கேடுன்னு யாரும் பேசி நான் கேக்கல. வேதத்துல அது எவ்வளவு முன்னாடி வருது தெரியுமா? தோட்டத்துல ஆதித் தாய் தகப்பன் செஞ்ச முதல் தப்பு பழத்தைத் தின்னது. அடுத்த தப்பு விரலை நீட்டுனது. ஏன் தின்னன்னு ஆண்டவர் கேட்டா அவன் அவளைக் காட்டுறான், அவ பாம்பைக் காட்டுறா. தின்னேன்யா, தப்புதான்னு நேரா ஒரு வார்த்தை சொல்லியிருந்தா கதை எப்படிப் போயிருக்குமோ! நான் குஞ்சம் கட்டிக்கினே இதை யோசிப்பேன்.

நீ விரல் நீட்டக் கத்துக்கினது எப்பன்னு எனக்குத் தெரியும், சொன்னா சிரிச்சுடுவ. உனக்கு அப்ப பால் பல்லு விழுந்துக்கினு இருந்த வயசு. அறுப்பின் பண்டிகைக்குக் காணிக்கையா வந்த காய்கறி, கோழி, பலாப்பழம் எல்லாம் கோயில் வராண்டாவுல ஏலத்துக்கு வெச்சிருந்தாங்க. அதுல ஒரு வாழைத்தாரு. ஏலம் போடுறவர் தாரைத் தூக்குறாரு, கீழ் சீப்பு பூரா வெறும் காம்பு! யாருடா தின்னதுன்னு கேட்டா, நீ கன்னம் ரெண்டும் உப்பலா வந்து நின்னுக்கினு, தூண்ல கட்டியிருந்த ஆட்டைக் காட்டுன. அந்த ஆடு கட்டியிருந்த கயிறு தாரு இருந்த பக்கம் எட்டக்கூட எட்டாது. சபையே சிரிச்சுது. உங்க அப்பாவுக்குச் சிரிச்சுச் சிரிச்சு இருமல் வந்துடுச்சு. நானும் உன்னைத் தூக்கி வெச்சுக்கினு, "என் திருட்டு ராசா"ன்னு முத்தம் குடுத்தேன். அன்னைக்கு அடிச்சிருக்கணும்னு சொல்ல வரல. உன்னை இறக்கி விட்டு, அந்த வாயாலயே "நான்தான் தின்னேன்"னு சொல்ல வெச்சிருக்கணும். ஆட்டுக்குப் பேச வாய் இல்ல. ஏகாம்பரம் அண்ணனுக்கு வாய் இருக்குது, அவரும் நான் செய்யலன்னு தெருத்தெருவா சொல்லிப் பாத்தாரு, யார் கேட்டாங்க?

ஞாயித்துக்கிழமை பூரா எனக்கு இருப்புக்கொள்ளல. காணிக்கையை எடுத்துக்கினு பலிபீடத்துக்கு வரும்போது உன் சகோதரனுக்கு உன் மேல மனஸ்தாபம் இருக்குதுன்னு ஞாபகம் வந்தா, காணிக்கையை அங்கேயே விட்டுட்டு முதல்ல போய் அவன்கிட்ட ஒப்புரவாகு, அப்புறம் வந்து காணிக்கையைக் குடுன்னு ஆண்டவர் சொல்லியிருக்காரு இல்ல? ஞாயித்துப் பள்ளியில இதை ஒப்பிச்சு பென்சில் பாக்ஸ் பரிசு வாங்கினவன் நீ. எனக்கு அதுவே ஓடிக்கினு இருந்துது. திங்கக்கிழமை காலையில குளிச்சுட்டு, சுத்து வழியை விட்டுட்டு, நேரா ஏகாம்பரம் அண்ணன் வீட்டுக்குப் போனேன்.

கௌரி அண்ணிதான் கதவைத் திறந்தாங்க. வாங்கன்னு சொல்லல. ஆனா ஒரு சொம்புத் தண்ணி கொண்டாந்து வெச்சுட்டு உள்ள போயிட்டாங்க. அண்ணன் தறியில உக்காந்துக்கினு இருந்தாரு. முன்னாடி எல்லாம் அந்தத் தறியில எப்பவும் ஒரு கல்யாணப் புடவை ஓடும். இப்ப கரை இல்லாத வெறும் பிளைன் புடவை. அந்த வீடியோவுக்கு அப்புறம், நூல் குடுத்து நெய்ய வெக்கிற முதலாளி அவருக்குக் கல்யாணப் புடவைக்குப் பாவு குடுக்குறதே இல்லையாம். என்னைப் பாத்ததும் கையை நிறுத்தாமயே, "இன்னா தங்கச்சி, வழி தப்பி வந்துட்டியா?"ன்னாரு.

"வழி தெரியும்ணா. வெக்கமா இருந்துது, அதான் வரல."

"உனுக்கு இன்னாத்துக்கு வெக்கம்? நீயா வீடியோ போட்ட?"

"சாமுக்குக் கல்யாணம் வெச்சிருக்குது. அதுக்கு முன்னாடி உங்ககிட்ட மன்னிப்பு கேக்கணும்னு வந்தேன்."

தறி நின்னுடுச்சு. "யாரு கேக்குறது? நீயா? நல்லா இருக்குதே உங்க வீட்டு ஞாயம்! அவன் செஞ்ச தப்பை என் தலையில கட்டினான். இப்ப அவன் கேக்க வேண்டிய மன்னிப்பை உன் தலையில கட்டுறானா?"

"நான் வந்தது அவனுக்குத் தெரியாதுண்ணா."

"அப்ப நீ கெளம்பு. அவனை வரச் சொல்லு. எந்த போன்ல என்னியப் பத்தி சொன்னானோ, அதே போன்ல நெசத்தச் சொல்லச் சொல்லு. வேற ஒண்ணியும் வேணாம் எனுக்கு."

நான் எழுந்துக்கல. அப்புறம் என் முகத்தைப் பாக்காம, நெய்திருந்த புடவையைத் தடவிக்கினே சொன்னாரு. சொன்னபடியே எழுதுறேன், நீ படிக்கணும். "வருஷா வருஷம் ஆடி மாசம் தெரு அம்மனுக்கு நம்ம வீட்டுப் புடவைதான் சாத்துவாங்க. எங்க அப்பன் காலத்துலேருந்து. இந்த ஆடிக்கும் நெய்து எடுத்துக்கினு போனேன் தங்கச்சி. கையில வாங்கினவன் அத்தத் திருப்பிப் பாத்தான். அம்மனுக்கு நெய்த புடவைய. 'இன்னா ஏகாம்பரம், இது கைத்தறிதானே?'ன்னான். நின்னுக்கினு இருந்தவங்க சிரிச்சாங்க. தமாசுக்குத்தான் சொன்னான், எனுக்குத் தெரியும். ஆனா அதுக்கப்புறம் என்னால அந்த அம்மனை நிமிந்து பாக்க முடியல. நான் ஒண்ணுமே செய்யல தங்கச்சி, நான் எதுக்குத் தலை குனியணும்?"

அவர் அழல. நான்தான் முந்தானையை வாயில அடைச்சுக்கினு அழுதேன். நாடாவை எடுத்து மறுபடியும் நெய்ய ஆரம்பிச்சாரு. நான் வாசல் வரைக்கும் வந்தப்புறம் உள்ளேருந்து சத்தமா, "பொண்ணு எந்த ஊரு?"ன்னாரு. தென்னேரின்னு சொன்னேன். "ஏரித் தண்ணி குடிச்ச பொண்ணு, நல்லா இருப்பா. இவன்கிட்ட வந்து மாட்டிக்கிச்சே"ன்னாரு. எனக்கு அந்த அழுகையிலயும் சிரிப்பு வந்துடுச்சு.

வீட்டுக்குத் திரும்பல. அங்கேருந்து நேரா நம்ம கோயிலுக்குப் போனேன். வெயில் மண்டையைப் பொளக்குது. அவர் தன் சாமி முன்னாடி நிமிர முடியாம நிக்கிறாரு, அப்படி நிக்க வெச்சது நீ. நாம நம்ம பலிபீடத்துல உன் கல்யாணப் பத்திரிகையை வெச்சு ஆசீர்வாதம் கேட்டுக்கினு இருக்குறோம். இதை ஆண்டவர் எப்படி வாங்குவாரு? மனுஷனே வாங்க மாட்டானே! சர்ச் வாட்ச்மேனைக் கூப்பிட்டு உள்ள திறக்கச் சொன்னேன். பலிபீடத்துல பத்திரிகை வெச்ச இடத்துலயே இருந்துது. நான் அதை எடுத்ததைப் பாத்து வாட்ச்மேன் பதறிட்டாரு. "வெச்சதைத் திருப்பி எடுக்கக் கூடாதும்மா, ஆயர் கேட்டா நான் என்ன சொல்றது?"ன்னாரு. "கவர் மேல ஒரு பேர் எழுத விட்டுப்போச்சு, எழுதி எடுத்துக்கினு வர்றோம்னு சொல்லுங்க"ன்னேன். அது பொய் இல்ல பாரு. நானும் பொய் சொல்லாம பேசக் கத்துக்கினு இருக்குறேன், இந்த வயசுல.

உங்க அப்பாகிட்ட சொன்னப்ப அவர் வழக்கம்போல பேப்பரைத் தூக்கி முகத்துக்கு முன்னாடி பிடிச்சுக்கினாரு. அதுக்குள்ளேருந்தே, "தாலி ஏறட்டும்டி, அப்புறம் மெதுவா பாத்துக்கலாம்"ன்னாரு. எனக்குக் கோவம் சுர்ருன்னு ஏறிடுச்சு. "எதுக்கப்புறம்? அந்தப் பொண்ணு ஒரு பொய்க்குக் கழுத்தை நீட்டினதுக்கு அப்புறமா? உங்க பொண்ணுக்கு ஒருத்தன் இப்படிச் செஞ்சா விடுவீங்களா?"ன்னு கத்திட்டேன். நமக்குப் பொண்ணே இல்ல, அது வேற விஷயம். அவர் பேப்பரை மடிச்சு வெச்சாரு. சாயந்திரம் சட்டையைப் போட்டுக்கினு எங்கேயோ கெளம்புனாரு. டீ குடிக்கப் போறாருன்னு நெனச்சேன். திரும்பி வந்து என் பக்கத்துல ஒரு பெரிய கூரியர் கவரை வெச்சாரு. "எழுது. கிழியாத கவரா பாத்து வாங்கியிருக்குறேன்"ன்னாரு. கல்யாணமாகி இத்தனை வருஷத்துல அவர் மேல எனக்கு அவ்வளவு ஆசை வந்தது நேத்துதான், போ.

இப்ப உன் விஷயத்துக்கு வர்றேன். ஆண்டவர் உன்னை மன்னிப்பாருப்பா. அதுல எனக்குச் சந்தேகமே இல்ல, அம்மாவும் எப்பவோ மன்னிச்சுட்டேன். ஆனா மன்னிப்பு வந்துட்டா நடந்ததெல்லாம் நடக்காத மாதிரி ஆயிடும்னு நெனச்சுக்காத. அந்தத் தோட்டத்துக் கதையில எனக்கு ரொம்பப் பிடிச்ச இடம் ஒண்ணு இருக்குது. அவங்க ரெண்டு பேரும் வெக்கம் தாங்காம இலையைத் தச்சு இடுப்புல கட்டிக்கினு நிக்கிறாங்க. இலை எத்தனை நாளைக்குத் தாங்கும்? வெளிய போன்னு சொல்றதுக்கு முன்னாடி ஆண்டவரே அவங்களுக்குத் தோல் உடுப்பு செஞ்சு உடுத்திவிடுறாரு. போய்த்தான் ஆகணும், முள்ளுலயும் கல்லுலயும் பாடுபட்டுத்தான் ஆகணும், அதுல அவர் ஒண்ணும் குறைக்கல. ஆனா அம்மணமா அனுப்பல. நீ போட்ட அந்த அழுகை வீடியோவும் இலைதான் சாமு. காஞ்சு உதிர்ந்துக்கினு இருக்குது, ஷீபா கண்ணுக்கே தெரிய ஆரம்பிச்சுடுச்சு.

சனிக்கிழமை ஷீபா காஞ்சிபுரம் வர்றா. தறி பாக்கணும்னு நேத்து ராத்திரி அவளேதான் மறுபடியும் போன் பண்ணா, நான் சரின்னு சொல்லிட்டேன். பால் பொங்குதுன்னு இன்னொரு தடவை என்னால சொல்ல முடியாது. நான் அவளை ஏகாம்பரம் அண்ணன் வீட்டுக்குக் கூட்டிக்கினு போவேன். உன்னைப் பத்தி நானா முந்திக்கினு எதுவும் சொல்ல மாட்டேன், அது நீ சொல்ல வேண்டியது. ஆனா அவ என்னைக் கேட்டா உள்ளதைத்தான் சொல்லுவேன். அதுக்கு முன்னாடி நீ வரணும். வெள்ளிக்கிழமையே வந்துடு. முதல்ல மாமா வீட்டுக்குப் போ, அப்புறம் அவர் சொன்ன மாதிரி போன்ல உண்மையைச் சொல்லு, அப்புறம் ஷீபாகிட்ட நீயே உன் வாயால சொல்லு. சொன்னா என்ன ஆகும்னு கேக்குறியா? எனக்குத் தெரியாதுடா. மாமா உன்னை வெளிய போன்னு சொல்லலாம். உன் ஆபீஸ்ல இருக்குறவங்க பாத்துச் சிரிக்கலாம். ஷீபா இந்தக் கல்யாணமே வேணாம்னு சொல்லிட்டு பஸ் ஏறலாம். அப்படி ஏறினா அவளைத் திட்டுற முதல் ஆளா நான் இருக்க மாட்டேன், ஆனா உன்னைக் கட்டிப்பிடிச்சுக்கினு அழுற முதல் ஆள் நான்தான். அவ போகாமயும் இருக்கலாம். நிஜமான முகத்தைப் பாத்துட்டு ஒருத்தி நம்ம கூட நிக்கிறது எவ்வளவு பெரிய விஷயம்னு உங்க அப்பாவைக் கேளு.

பயமா இருக்கும். எனக்கும்தான். ஆனா நீ கெட்டவன் இல்லடா, பயந்தவன். கெட்டவனா இருந்தா கூச்சமே இல்லாம வீட்டுக்கு வந்துபோய்க்கினு இருப்ப. நீ பொங்கலுக்கும் வரல, கிறிஸ்துமஸுக்கு வந்தும் ஆட்டோவுல முகத்தைத் திருப்பிக்கினு அந்தத் தெருவைத் தாண்டுன. நான் பாத்தேன். அப்படி முகத்தைத் திருப்பிக்கினு எத்தனை காலம் இருப்ப? நாளைக்கு உன் புள்ளையைத் தோள்ல தூக்கிக்கினு இந்த ஊருக்கு வரும்போது எந்தத் தெரு வழியா வருவ? நீ நேர் வழியா வரணும், யாரும் உன்னைக் குனிய வெக்கக் கூடாது, நீயும் யாரையும் குனிய வெச்சிருக்கக் கூடாது. அதுக்கு மேல அம்மாவுக்கு ஒரு ஆசையும் இல்ல.

நீ விட்டுட்டுப் போன நீலக் கோடு போட்ட சட்டையைத் துவைச்சு அயர்ன் பண்ணி வெச்சிருக்குறேன், பட்டன் ஒண்ணு போயிருந்துது, தச்சுட்டேன். வெள்ளிக்கிழமை அதைப் போட்டுக்கினு போ. அந்த வீட்டு வாசல் வரைக்கும் நான் கூட வருவேன். உள்ள நீ தனியா போகணும். திரும்பி வரும்போது நான் அங்கேயேதான் நிப்பேன், என்ன நடந்திருந்தாலும். மத்தியானத்துக்கு கறிக்குழம்பு வெக்கிறேன், அழுதுட்டு வந்தா பசிக்கும்.

இந்த லெட்டரோட பலிபீடத்துலேருந்து எடுத்துக்கினு வந்த பத்திரிகையையும் வெச்சிருக்குறேன். வெள்ளிக்கிழமை இதை அந்த வீட்டுல குடுத்துட்டு வந்தப்புறம் ஆண்டவருக்கு வேற ஒண்ணு வெப்போம், அவர் காத்துக்கினு இருப்பாரு. கவர் மேல நான் பேர் எழுதல, அதை நீதான் எழுதணும். நிதானமா எழுது. வெறும் ஏகாம்பரம்னு எழுதிடாத கண்ணு. பக்கத்துல மாமான்னு சேத்து எழுது.

அம்மா